ஏர்பேக் விளக்கு எப்ப எரிஞ்சுது?

"வண்டி நல்லாத்தான் ஓடுதுங்க, இந்த லைட் மட்டுந்தான்." குன்னூரில் என் கடைக்கு ஏர்பேக் விளக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆயில் விளக்கு எரிந்தால் பதறி ஓரங்கட்டுகிறவர்கள் இந்த விளக்குக்கு மாதக்கணக்கில் பழகிவிடுகிறார்கள். பிக்கப் குறைவதில்லை, மைலேஜ் குறைவதில்லை, சத்தமும் இல்லை. அதனால் தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் அது அணையாமல் நின்றால், இடித்த நேரத்தில் பை விரியும் என்று நம்பி உட்கார முடியாது. ஒரு பை மட்டும் விரியாமல் போகலாம், மொத்த சிஸ்டமும் படுத்திருக்கலாம். இடித்த கணத்தில் பெல்ட்டைச் சுண்டி இறுக்குகிற பிரிடென்ஷனரும், ஏர்பேக்கை விரியவைக்கிற அதே கம்ப்யூட்டரை நம்பித்தான் இருக்கிறது. பெல்ட் பெல்ட்டாக வேலை செய்யும். அதைப் போட்டுக்கொண்டு நிதானமாக ஓட்டி வாருங்கள்.

கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற ஸ்கேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: எப்ப எரிஞ்சுது? வளைவிலா, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதா, வாட்டர் வாஷ் பண்ணிய மறுநாளா, சீட் கவர் போட்ட அன்றைக்கா? பதில் ஒழுங்காக வந்துவிட்டால் எந்தப் பக்கம் கை வைப்பது என்று பாதி தெரிந்துவிடும். கீழே இருப்பதும் அந்தப் பதில்களின் வரிசைதான்.

சாவியை ஆன் செய்து பாருங்கள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, ஆறேழு விநாடியில் தானாக அணைய வேண்டும். கம்ப்யூட்டர் தன் ஒயர்களையெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளும் நேரம் அது. அணையாமல் நின்றாலோ, அணைந்து மறுபடி எரிந்தாலோ, விட்டுவிட்டு மின்னினாலோ கோளாறு பதிவாகியிருக்கிறது.

விளக்கு எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். அதுதான் மோசமான அறிகுறி, கடைசியில் வருகிறேன்.

ஃபியூஸையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெட்டி மூடியில் ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ போட்டிருக்கும். இதில் ஃபியூஸ் போய் நான் பார்த்தது குறைவு. போயிருந்தால் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம், ஏன் போனது என்று தேட வேண்டும்.

மஞ்சள் ஒயரைத் தொடுவதற்கு முன்

ஏர்பேக் சர்க்யூட் எங்கே போனாலும் மஞ்சள் கப்ளர் (ஒயர்களை இணைக்கிற பிளக்), மஞ்சள் ஸ்லீவ் என்று அடையாளம் வைத்திருப்பார்கள். பையை விரியவைக்கப் பற்றிக்கொள்கிற திரியின் ரெசிஸ்டன்ஸ் சுமார் இரண்டு ஓம். ஒரு ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டிய கரண்ட், கண் இமைக்கும் நேரத்துக்குக் கிடைத்தால் போதும், பற்றிவிடும். நம் எலக்ட்ரீசியன்கள் கையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கும், இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு. பன்னிரண்டு வோல்ட்டில் அது இழுப்பது 1.75 ஆம்பியர். மஞ்சள் ஒயரில் அதை வைத்துப் பார்ப்பது பட்டாசுத் திரிக்குப் பக்கத்தில் தீக்குச்சியை உரசுவது போலத்தான். மீட்டரை ஓம்ஸில் வைத்து ஏர்பேக்கை நேராக அளப்பதையும் கம்பெனி மேனுவல்கள் தடுக்கின்றன.

எந்த மஞ்சள் கப்ளரைக் கழற்றுவதாக இருந்தாலும் சாவி ஆஃப், பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்று, காத்திரு. பேட்டரி போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டருக்குள் கெப்பாசிட்டர் வைத்திருக்கிறார்கள். அது வடிய வேண்டும். வண்டிக்கு வண்டி ஒன்று முதல் மூன்று நிமிடம் என்று போட்டிருக்கும். நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன், பத்து நிமிடம். கழற்றிய ஸ்டியரிங் ஏர்பேக்கை மேசையில் வைக்கும்போது அலங்கார மூடி மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால், தப்பித் தவறி விரிந்தால் மொத்தமும் ராக்கெட் மாதிரி மேலே எழும்பும்.

இதைப் படித்து யாரும் வீட்டில் ஸ்டியரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. பேட்டரி, சீட்டுக்கு அடியில், பக்கிள், தரைவிரிப்பு வரைக்கும் நீங்களே பார்க்கலாம். அதற்கு மேல் தெரிந்த கை வேண்டும்.

வளைவில் எரிகிறது, ஹாரனும் அடிக்கவில்லை

மலையில் இதுதான் அடிக்கடி வருவது. போன மழைக்காலத்தில் ஒரு டாக்ஸிக்காரத் தம்பி வந்தான்.

"அண்ணே, கல்லட்டி இறங்கும்போது லைட் வந்துச்சு. நேரா போனா ஒண்ணும் இல்ல. ரைட்ல ஒடிச்சா ஹாரன் கட்டாகுது."

"ஸ்டியரிங்ல வால்யூம் பட்டன் வேலை செய்யுதா?"

"அதுவும் அப்பப்பத்தாண்ணே."

இதற்கு ஸ்கேன்கூட வேண்டாம். ஸ்டியரிங் சுற்றுகிறது, அதன் தண்டைச் சுற்றியுள்ள கூடு சுற்றாது. இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போக, டேப் மாதிரி தட்டையான ஒரு ஒயரைச் சுருட்டி ஒரு டப்பாவுக்குள் வைத்திருப்பார்கள். கடையில் க்ளாக் ஸ்பிரிங் என்போம், சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள் என்று எழுதும். ஏர்பேக், ஹாரன், ஸ்டியரிங் பட்டன் எல்லாம் இதன் வழியாகத்தான் போகிறது. வளைவுக்கு வளைவு இது சுருண்டு விரிந்துகொண்டே இருக்கும். சமவெளியில் நேர் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கும், கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகளைத் தினம் எண்ணுகிற வண்டிக்கும் இந்த டேப் படும் பாடு ஒன்றாக இருக்குமா?

ஆனால் தேய்ந்து போவதைவிட அதிகமாக நான் பார்ப்பது, தப்பாகப் பூட்டியதைத்தான். ஸ்டியரிங் பாக்ஸ் வேலை, ஸ்டியரிங் தண்டு வேலை, ஏதோ ஒன்றுக்கு ஸ்டியரிங்கைக் கழற்றியிருப்பார்கள். கழற்றியபோது க்ளாக் ஸ்பிரிங் தானாகக் கொஞ்சம் சுற்றியிருக்கும், அப்படியே திரும்பப் போட்டிருப்பார்கள். கணக்கைப் பாருங்கள். டப்பா மொத்தம் ஐந்து சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிறுத்திப் பூட்டினால் இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை. வண்டியின் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்றரை சுற்று என்றால் பக்கத்துக்கு ஒன்றே முக்கால் போதும், தாராளமாக இடம் இருக்கிறது. ஒரு சுற்று தள்ளிப் பூட்டிவிட்டால் ஒரு பக்கம் மிச்சம் ஒன்றரைதான். டவுனுக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. முழு ஒடிப்பு ஒடிக்கும்போது அந்தக் கால் சுற்று பற்றாமல் டேப் இழுபட்டு அறுந்துவிடும். கடையில் விட்டுப் பார்த்தபோது சரியாக இருந்த வண்டி, பர்லியார் போய்ச் சேர்வதற்குள் விளக்கை எரியவிடுவது இப்படித்தான்.

அந்தத் தம்பியின் வண்டியிலும் அதுதான். இரண்டு மாதம் முன்னால் வேறொரு இடத்தில் ஸ்டியரிங் வேலை நடந்திருந்தது. டப்பாவைப் பிரித்தபோது டேப்பின் ஓரத்தில் மடிப்பு விழுந்து, செப்புப் பட்டை மயிரிழை மாதிரி கீறியிருந்தது. நேராக இருக்கையில் தொட்டுக்கொள்ளும், வலது பக்கம் இழுத்தால் பிரியும்.

புதியது பூட்டும்போது முன்சக்கரம் இரண்டும் நேராக இருக்க வேண்டும். புதிய டப்பா நடுவில் நிறுத்திப் பூட்டுப் போட்டுத்தான் வரும், அந்தப் பின்னையோ ஸ்டிக்கரையோ கடைசியில்தான் எடுக்க வேண்டும். பூட்டு விட்டுப்போயிருந்தால் மெதுவாக ஒரு கோடிக்குச் சுற்றி, அங்கிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, பாதி திரும்பி வர வேண்டும். பழைய சாமான் கடையில் கிடைக்கிற க்ளாக் ஸ்பிரிங்கை நான் போடுவதில்லை. எந்த வண்டியில் எத்தனை வளைவு பார்த்தது என்று யாருக்குத் தெரியும்?

சீட்டை நகர்த்தினால் எரிகிறது

பையன் ஓட்டிவிட்டு அப்பா உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளினார், எரிந்தது. சர்வீசில் உள்ளே வேக்குவம் போட்டார்கள், மறுநாள் எரிந்தது. கேரட் மூட்டையை முன்சீட்டின் கீழே இடித்துத் திணித்தார்கள், எரிந்தது. மூன்றுக்கும் ஒரே இடம்தான், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர். பிரிடென்ஷனர், பக்கிள் சுவிட்ச், சைடு ஏர்பேக் இருந்தால் அதுவும், வண்டிக்கு வண்டி ஏதோ ஒன்றோ எல்லாமோ அதன் வழியாகப் போகும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். குடை, தண்ணீர் பாட்டில், செருப்பு ஏதாவது ஒயரை இழுத்துக்கொண்டு கிடக்கிறதா? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மேலே சொன்னபடி பேட்டரி கழற்றிக் காத்திருந்து, கப்ளரை ஒருமுறை பிரித்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டினாலே பாதிக் கேஸ் தீர்ந்துவிடும். பூட்டுக்கு மேல் இன்னொரு சின்னப் பூட்டு இருக்கும், அதையும் தள்ளிவிட வேண்டும்.

சீட் கவர் போட்ட பிறகு எரிந்தால் கவரைக் கட்டிய கயிறு எந்த ஒயரோடு சேர்ந்து இறுகியிருக்கிறது என்று பாருங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருந்தால் அந்தச் சீட்டுக்குச் சாதாரணக் கவரே கூடாது. விளக்கு எரியாமல் இருந்தாலும் பை கிழித்துக்கொண்டு வெளியே வர வழி வேண்டாமா?

பெல்ட் பக்கிளையும் மறந்துவிடாதீர்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டு வண்டியில் பக்கிளுக்குள் வர்க்கித் துகள், சில்லறைக் காசு, காய்ந்த ஜூஸ் எல்லாம் எடுத்திருக்கிறேன்.

மழைக்குப் பிறகு எரிகிறது

கூடலூர், பந்தலூர் வண்டிகள் ஜூன், ஜூலையில் வரும். குன்னூர், கோத்தகிரி வண்டிகள் அக்டோபர், நவம்பரில் வரும். எந்தப் பருவமழை எங்கே பெய்கிறது என்பதை என் கடை வாசலிலேயே எண்ணிவிடலாம்.

கால் மேட்டைத் தூக்கி, அடியில் கார்பெட்டைக் கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் கீழே ஸ்பாஞ்ச் ஊறிக் கிடக்கும். ஈரம் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் கப்ளரைத் துடைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. மலையில் இரண்டு வழி. முதலாவது, வைப்பருக்குக் கீழே இருக்கிற பள்ளம். எஸ்டேட்டில் சில்வர் ஓக் அடியில் நிறுத்துகிற வண்டிகளில் அந்த இலை மக்கி, வடிகால் ஓட்டையை அடைத்துவிடும். தண்ணீர் தேங்கி, காற்று உள்ளே வருகிற வழியாக டேஷ்போர்டுக்குள் இறங்கும். இரண்டாவது, ஏ.சி. தண்ணீர் வடிகிற டியூப். "ஊட்டியில யாருங்க ஏ.சி. போடறாங்க" என்பார்கள். பனி மூட்டத்தில் கண்ணாடியின் ஆவியைப் போக்க எல்லோரும் போடுகிறார்கள்தான். டியூப் அடைத்தால் தண்ணீர் கால் வைக்கிற இடத்துக்கு வரும்.

ஏர்பேக் கம்ப்யூட்டர் இருப்பது பெரும்பாலும் கியர் லிவருக்கு முன்னால், தரையோடு போல்ட் போட்டு. அதுவரை ஈரம் போய்விட்டால் செலவு பெரிது. அதற்கு முன்னால் பிடித்துவிட்டால் கார்பெட்டைத் தூக்கிக் காயவைத்து, கப்ளர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து முடிக்கலாம். துரு எடுக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். பின் அரித்துப்போயிருந்தால் ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம், கம்ப்யூட்டர் அரை ஓம் வித்தியாசத்தைக்கூடக் கவனிக்கிற இடம் இது.

உறைபனிக் காலையில் எரிகிறது

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற காலையில், வண்டி "கிர்ர்... கிர்ர்" என்று இழுத்து ஸ்டார்ட் ஆகியிருக்கும், அன்றிலிருந்து விளக்கு. குளிரில் பேட்டரியின் வலு குறையும், எஞ்சின் ஆயில் கெட்டியாகி செல்ஃப் அதிகம் இழுக்கும். அந்த நேரம் வோல்ட் சரிந்ததைக் கம்ப்யூட்டர் கோளாறாகக் குறித்துக்கொள்ளும். சில வண்டிகளில் அடுத்தடுத்த ஸ்டார்ட்டில் தானாக அணையும், சிலவற்றில் ஸ்கேனரில் அழித்தால்தான் போகும்.

இரவு நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் அதைச் சார்ஜ் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். டெர்மினலில் வெள்ளைப் பூ, தளர்ந்த எர்த் போல்ட் இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. பேட்டரியைக் கவனிக்காமல் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை (கோடு என்போம்) மட்டும் அழித்துக் கொடுத்தால் அடுத்த பனிக்கு அதே வண்டி அதே இடத்தில் நிற்கும்.

பத்து நாள் நிறுத்தி வைத்திருந்தோம்

எலி. பானெட்டைத் திறந்தால் ஏர் பில்டர் பக்கம் கூடு, புழுக்கை, கடித்த ஒயர். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற மோதல் சென்சாரின் ஒயர் அதற்கு வாய்க்கு எட்டுகிற உயரம். ஸ்கேனில் முன்பக்க சென்சார் தொடர்பு இல்லை என்று வந்தால் சென்சாரை வாங்குவதற்கு முன் அந்த ஒயரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எதிலோ லேசாக இடித்தது

காட்டு மாடு பம்பரை ஒரு முட்டு முட்டிவிட்டுப் போயிருக்கும். பை விரியவில்லை, பெரிய அடியும் இல்லை. ஆனால் சென்சார் நிற்கிற பிராக்கெட் வளைந்திருந்தால், அது பார்க்க வேண்டிய திசையை விட்டுத் திரும்பியிருக்கும். பிராக்கெட்டை நிமிர்த்தாமல் புதிய சென்சார் போட்டு அர்த்தமில்லை. மாட்டுக்குப் பயந்து பம்பருக்கு முன்னால் புல் கார்டு என்கிற இரும்புத் தடுப்பு போடுகிறவர்கள் உண்டு. மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே நடவடிக்கை எடுக்கச் சொன்ன சமாச்சாரம் அது. இடித்த வேகம் சென்சாருக்குப் போகும் வழியையும் அது மாற்றிவிடும்.

நிஜமாகவே பை விரிந்த வண்டி என்றால் கதை வேறு. விரிந்த பைகள், சுண்டிய பிரிடென்ஷனர் பெல்ட்டுகள், மோதலைப் பதிந்துகொண்ட கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மேனுவல் சொல்கிறபடி மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸில் அதைச் சேர்த்துக் கேளுங்கள்.

ஸ்கேன் போட்டால் என்ன வரும்

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற நீல டப்பா ஸ்கேனர் எஞ்சின் கோடுகளை மட்டுமே காட்டும், ஏர்பேக் பக்கம் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்க்காது. "கோடே இல்லைன்னு காட்டுதுங்க" என்று வருவார்கள். ஏர்பேக் கோடு B என்ற எழுத்தில் தொடங்கும், அதைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும்.

கோடில் இரண்டு விஷயம் பாருங்கள். இப்போது இருக்கிற கோளாறா, முன்னால் வந்து போனதா? அடுத்தது, ரெசிஸ்டன்ஸ் அதிகமா, குறைவா? அதிகம் என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, கழன்றிருக்கிறது. குறைவு என்றால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டியிருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கழற்றியிருக்கும்போது தப்பாகக் கரண்ட் ஏறிவிடக்கூடாது என்பதற்காக மஞ்சள் கப்ளருக்குள் இரண்டு பின்னையும் ஒட்டிவைக்கிற சின்னத் தகடு இருக்கும், முழுதாகப் பூட்டினால்தான் அது விலகும். அதனால் அரைகுறையாகப் பூட்டிய கப்ளர் 'குறைவு' என்று காட்டும். அதைப் பார்த்து ஏர்பேக்கே போச்சு என்று புதியது வாங்க வைத்தவர்கள் உண்டு. கப்ளரை அழுத்தி ஒரு க்ளிக், வேலை முடிந்திருக்கும்.

விளக்கு எரியவே இல்லை

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் இதை நன்றாகப் படியுங்கள். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களுக்குக் கட்டாயம். பக்கத்துச் சீட்டுக்கும் கட்டாயமானது 2021-இல். ஆகையால் இப்போது சந்தைக்கு வருகிற பழைய வண்டிகளில் ஏர்பேக் இருக்கிறது என்பார்கள். இருக்கிறதா என்று விளக்குதான் சொல்ல வேண்டும்.

சாவி ஆன் செய்தும் எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், யாராவது பிடுங்கியிருக்கலாம், மேலே கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம். கெட்டிக்காரர்கள் இன்னொன்று செய்வார்கள், ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவார்கள். சாவி ஆன் செய்தால் எரியும், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணையும், பார்க்கிறவருக்குச் சரி என்று தோன்றும். அதனால்தான் ஆரம்பத்திலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள் என்றேன். நல்ல வண்டியில் ஏர்பேக் விளக்கு தனியாக ஆறேழு விநாடியில் அணையும், ஆயிலும் பேட்டரியும் எரிந்துகொண்டே இருக்கும். மூன்றும் சேர்ந்து நின்று, எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு சேர்ந்தே அணைந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதையும் தாண்டிய ஒன்றை எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவரின் வண்டியில் பார்த்தேன். கீழே சமவெளியில் வாங்கியது. விளக்கு ஒழுங்காக எரிந்தது, ஒழுங்காக அணைந்தது. கொஞ்ச நாளாக மட்டும் மழை நாளில் மின்னுகிறது என்று கொண்டுவந்தார். ஸ்டியரிங் மூடியை எடுத்தேன். பை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மஞ்சள் கப்ளரின் இரண்டு பின்னுக்கு நடுவில் சோளப்பொரி அளவு ஒரு ரெசிஸ்டர், இரண்டு ஓம், டேப் சுற்றி. கோளாறு ஏர்பேக்கிலா ஒயரிலா என்று பிரித்துப் பார்க்க நாங்களும் அதே ரெசிஸ்டரை வைப்போம், பார்த்துவிட்டு எடுத்துவிடுவோம். இங்கே அதையே பூட்டி விற்றுவிட்டார்கள். ஈரத்தில் அதன் கால் துருப்பிடித்ததால்தான் விளக்கு மின்னியது. அவர் ரொம்ப நேரம் அந்த ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நம்பித்தானுங்க என் பொண்ணைக் காலேஜ்ல விட்டுட்டு வந்தேன்" என்றார்.

விளக்கு சரியாக இருந்தும் பை ஆபத்தாக இருக்கிற ஒரு வகை உண்டு. டகாட்டா கம்பெனியின் பழைய இன்ஃப்ளேட்டர்களில் (பைக்குள் வாயுவை நிரப்புகிற பாகம்) உள்ள அமோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கில் ஈரத்திலும் வெயிலிலும் கெட்டு, விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறியது. உலகம் முழுக்கப் பல கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். திரியின் ஓம் சரியாக இருப்பதால் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ரீகால் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

சரி செய்த பிறகு

கோளாறுக் கோடை அழித்ததும் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. ஆஃப் செய்து ஆன், மூன்று தடவை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கோடி வரை ஒடித்து, ஒவ்வொரு கோடியிலும் ஹாரன் அடித்துப் பார்ப்பேன். சீட் இரண்டையும் முன்னும் பின்னும் முழுதாகத் தள்ளிப் பார்ப்பேன். பெல்ட்டைப் போட்டுக் கழற்றிப் பார்ப்பேன். பிறகு காட்டேரி வரை இறங்கி ஏறி வருவேன், அந்த வளைவுகள் போதும். ஈரத்தால் வந்த கோளாறு என்றால் வண்டியை ஒரு ராத்திரி வெளியில் பனியிலேயே நிறுத்தச் சொல்வேன். மறுநாள் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் மறுபடி ஸ்கேன் போட்டு, பழைய பதிவிலும் எதுவும் ஏறவில்லை என்று பார்த்த பிறகுதான் மேட்டைத் திரும்ப விரிப்பேன்.